லினக்ஸ் கெர்னலில் கை வைக்கும் முன்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடையின் மாடியில் பில் போடும் லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒருநாள் காலை கடைக்காரர் போன் செய்தார்.

"தம்பி, எட்டு ஜிபி ராம் போட்டுக் கொடுத்தீங்க. இப்பப் பாத்தா முந்நூறு எம்பிதான் ஃப்ரீன்னு காட்டுது. நெட்ல ஒரு கட்டளை போட்டா எல்லாம் காலியாகிடும்னு எழுதியிருக்காங்க. போட்டுடட்டுங்களா?"

"வேண்டாங்கண்ணா, பத்து நிமிசத்துல வந்துடறேன்" என்று வண்டியை எடுத்தேன்.

அவர் போட இருந்தது, கெர்னல் சேர்த்து வைத்திருக்கும் கேஷ் (டிஸ்கிலிருந்து படித்தவற்றின் நகல்) முழுவதையும் வெளியே தள்ளச் சொல்லும் 'ட்ராப் கேஷஸ்' கட்டளை. போட்டிருந்தால் எதுவும் உடைந்திருக்காது. ஆனால் ஒவ்வொரு ஃபைலையும் மறுபடி டிஸ்கிலிருந்து இழுக்க வேண்டியிருப்பதால், கடையில் கூட்டம் சேரும் நேரத்தில் பில்லிங் ஊர்ந்திருக்கும். இதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும்படி அமைத்து வைத்திருப்பவர்களைக் கூடப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். ஏன் என்று புரிந்துவிட்டால் மெமரி பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் கெர்னல் என்றால் என்ன? நீங்கள் திறக்கும் புரோகிராம்களுக்கும் கம்ப்யூட்டரின் உடலுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் மேஸ்திரி அது. யாருக்கு எவ்வளவு மெமரி, எந்த ஃபைலை யார் திறக்கலாம், பிராசசர் யாருக்கு எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்பதையெல்லாம் முடிவு செய்வது அதுதான். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் இன்று பெரிய சர்வர்களிலும் ஓடுகிறது, உங்கள் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனிலும் ஓடுகிறது.

இந்த மேஸ்திரியின் நடத்தையை மாற்ற நூற்றுக்கணக்கான திருகுகள் உண்டு. 'ப்ராக்' என்ற டைரக்டரிக்குள் (ஃபோல்டருக்குள்) 'சிஸ்' என்ற டைரக்டரியில் அவை சின்னச் சின்ன ஃபைல்களாகத் தெரியும். பெரும்பாலானவற்றில் ஓர் எண், சிலவற்றில் இரண்டு மூன்று எண்கள். பார்க்கவும் மாற்றவும் 'சிஸ்சிடிஎல்' என்ற கட்டளை இருக்கிறது. மெமரி சம்பந்தப்பட்டவை 'விஎம்' என்று தொடங்கும், ஃபைல் சம்பந்தப்பட்டவை 'எஃப்எஸ்' என்று தொடங்கும், கெர்னலின் சொந்த நடத்தை பற்றியவை 'கெர்னல்' என்றே தொடங்கும். இந்த மூன்று குடும்பங்கள்தான் இங்கே நமக்கு வேண்டியவை.

பட்டறை மேசை

கடைக்காரருக்கு நான் சொன்ன விளக்கம் அவர் பட்டறையிலிருந்தே வந்தது. ராம் என்பது ஆசாரியின் மேசை. மேசைமேல் இரண்டு வகைப் பொருட்கள் கிடக்கும். ஒன்று, பாதி பற்றவைத்த கொலுசு. அது உலகத்தில் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மேசையைக் காலி செய்ய வேண்டுமானால் பத்திரமாக எடுத்துப்போய்ப் பெட்டிக்குள் வைத்தாக வேண்டும். இன்னொன்று, டிசைன் அட்டை. அதன் அசல் அலமாரியில் இருக்கிறது, மேசையில் கிடப்பது நகல்தான். இடம் வேண்டுமென்றால் நகலைத் தூக்கிப் போட்டுவிடலாம். மறுபடி தேவைப்பட்டால் அலமாரிக்குப் போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

புரோகிராம்கள் தங்கள் வேலைக்காக எடுத்துக்கொள்ளும் மெமரி முதல் வகை. டிஸ்கிலிருந்து படித்த ஃபைல்களின் நகல் இரண்டாவது வகை. அதற்குப் பெயர் பேஜ் கேஷ். மேசை காலியாகக் கிடப்பதால் யாருக்கும் லாபமில்லை என்பது கெர்னலின் எண்ணம். எனவே மீந்த இடம் முழுவதும் அட்டைகளைப் பரப்பி வைக்கும்.

'ஃப்ரீ' என்ற கட்டளை காட்டும் அட்டவணையில் 'ஃப்ரீ' என்றொரு பத்தி இருக்கிறது, கடைசியில் 'அவைலபிள்' என்றொரு பத்தி இருக்கிறது. எல்லோரும் முதலாவதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பார்க்க வேண்டியது கடைசிப் பத்தி. நகல்களை ஒதுக்கினால் புதிய வேலைக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்று கெர்னலே கணித்துச் சொல்லும் எண் அது. இந்தக் கணக்கு கெர்னல் 3.14-ல், 2014-ல் வந்தது. கடைக்காரரின் மெஷினில் அந்தப் பத்தியில் ஐந்து ஜிபிக்கு மேல் இருந்தது. அவருக்குப் பிரச்சினையே இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து 'விஎம்ஸ்டாட்' கட்டளையை நொடிக்கொரு முறை ஓடவிட்டேன். அதில் 'எஸ்ஐ', 'எஸ்ஓ' என்று இரண்டு பத்திகள் உண்டு. ராமில் இடம் போதாதபோது உதவும் 'ஸ்வாப்' என்ற டிஸ்க் பகுதியிலிருந்து ராமுக்கு வருவதும், ராமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவதும் அவற்றில் தெரியும். இரண்டு நிமிடம் பார்த்தோம். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அவர் முகம் தெளிந்த பிறகுதான் டீ வந்தது.

ஸ்வாப் என்பது அந்தப் பெட்டி. பாதி முடிந்த வேலைகளை மேசையிலிருந்து எடுத்து வைக்கும் டிஸ்க் பகுதி. இடம் தட்டுப்படும்போது அட்டையை எறிவதா, கொலுசைப் பெட்டிக்குள் வைப்பதா என்று கெர்னல் முடிவெடுக்க வேண்டும். அந்தத் தராசின் சாய்வைச் சொல்லும் திருகுதான் 'விஎம்.ஸ்வாப்பினஸ்'. பொதுவாக 60 என்று இருக்கும். 60 என்றால் 60 சதவீத மெமரி நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது தவறு. 100 என்றால் இரண்டு வேலைக்கும் ஒரே செலவு என்று கெர்னல் எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே போகப்போக, கொலுசைத் தொடுவதற்கு அதிகச் செலவு என்று நினைத்து அட்டைகளை முதலில் எறியும். கெர்னல் 5.8 முதல் 200 வரை வைக்கலாம். ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப் போன்ற வேகமான ஸ்வாப் இருப்பவர்களுக்கு 100-க்கு மேல் பொருத்தம். 0 என்று வைத்தாலும் ஸ்வாப் முழுவதும் நின்றுவிடாது. வேறு வழியே இல்லாதபோது கெர்னல் அதைத் தொடும்.

பழைய ஹார்டு டிஸ்க்கில் டெஸ்க்டாப் ஓட்டுபவர், பிரவுசருக்கு மாறும்போதெல்லாம் திரை உறைந்து நிற்பதாகச் சொன்னால் நான் 10 வைத்துப் பார்க்கச் சொல்வேன். அதற்கு முன் 'எஸ்ஐ', 'எஸ்ஓ' பத்திகளில் எண்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஓடவில்லையென்றால் இந்தத் திருகைத் தொட்டுப் பயனில்லை. ஓயாமல் ஓடுகின்றன என்றாலும் பயனில்லை, அங்கே ராம்தான் வாங்க வேண்டும். மேசையே போதாதபோது எதை முதலில் எடுத்து வைப்பது என்ற கேள்விக்கு அர்த்தமில்லை.

மேட்டூர் மதகு

இனி வருவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. இங்கேதான் ஒருவருடைய உழைப்பு காணாமல் போவதைக் கண்ணால் பார்த்தேன்.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸ். பறித்து வரும் காபிப் பழத்தை எடை போட்டு, ஆள் பெயருக்கு நேராக ஒரு சின்ன புரோகிராமில் பதிவார்கள். கூலி அந்த எடையை வைத்துத்தான். பழம் பறிக்கும் பருவமும் ஐப்பசி கார்த்திகை மழையும் மலையில் சேர்ந்தே வரும், மழையோடு மின்வெட்டும் வரும். யூபிஎஸ் பேட்டரி செத்துப்போயிருந்த ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. மறுபடி மெஷினைப் போட்டபோது கடைசி மூன்று எடைகள் இல்லை. திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வந்ததை அந்தக் கணக்குப்பிள்ளை தன் கண்ணால் பார்த்திருக்கிறார். மூன்றும் ஒரே அம்மாவின் மூட்டைகள். அந்த அம்மாவின் ஞாபகத்தை நம்பித்தான் அன்றைய கூலியைக் கொடுத்தார்கள்.

என்ன நடந்தது? புரோகிராம் ஒரு ஃபைலில் எழுதினால் அது உடனே டிஸ்குக்குப் போவதில்லை. முதலில் ராமில் தங்கும். ராமைக் கெர்னல் சின்னச் சின்னப் பக்கங்களாகப் பிரித்துக் கையாளும்; எழுதியது இன்னும் டிஸ்குக்குப் போய்ச் சேராத பக்கங்களுக்கு 'டர்ட்டி பேஜ்' என்று பெயர். டிஸ்க் மெதுவானது, ராம் வேகமானது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் புரோகிராமை நிற்க வைப்பதற்குப் பதில், கெர்னல் தேக்கி வைத்துப் பிறகு மொத்தமாக விடுகிறது.

தேக்கி வைத்து விடுவது என்றால் நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1934 முதல் மேட்டூரில் அதைத்தானே பார்க்கிறோம். முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, மட்டம் 120 அடி. அணை நிறையும் வரை காத்திருந்து கடைசி நேரத்தில் பதினாறு கண் மதகையும் ஒரேயடியாகத் திறந்தால் கீழே இருப்பவர்கள் பாடு என்னவாகும்? அதனால் நீர்வரத்தைப் பார்த்து முன்கூட்டியே விடத் தொடங்குவார்கள்.

கெர்னலுக்கும் இரண்டு மட்டங்கள் உண்டு. 'விஎம்.டர்ட்டி_பேக்ரவுண்ட்_ரேஷியோ', வழக்கமாக 10. தேங்கியது இந்தச் சதவீதத்தைத் தொட்டதும் பின்னணியில் மதகு திறக்கும், டிஸ்குக்கு எழுதத் தொடங்கும். புரோகிராம்கள் பாட்டுக்கு ஓடும். இரண்டாவது 'விஎம்.டர்ட்டி_ரேஷியோ', வழக்கமாக 20. இதுதான் நூற்றியிருபதடி. இதை நெருங்கும்போதே எழுதுகிற புரோகிராமின் வேகத்தைக் கெர்னல் குறைக்கும், தொட்டுவிட்டால் நிறுத்தியே வைக்கும். காவிரியிடம் 'கொஞ்சம் பொறு' என்று சொல்ல முடியாது. புரோகிராமிடம் சொல்லலாம், கெர்னல் சொல்கிறது. மெஷின் ஹேங் ஆகிவிட்டது என்று நாம் மவுஸை ஆட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

இந்தச் சதவீதங்கள் மொத்த ராமில் அல்ல, உடனே பயன்படுத்தக் கிடைக்கும் மெமரியில். கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 ஜிபி மெஷினில் 15 ஜிபி கிடைக்கிறது என்று வைத்தால் 20 சதவீதம் 3 ஜிபி. நொடிக்கு 100 எம்பி எழுதும் ஹார்டு டிஸ்க் அதைக் கொட்டி முடிக்க அரை நிமிடம் வேண்டும். நொடிக்கு 10 எம்பி மட்டுமே எழுதும் மலிவான பென் டிரைவ் என்றால் ஐந்து நிமிடம். காப்பி முடிந்தது என்று நூறு சதவீதம் காட்டிய பிறகும் 'எஜெக்ட்' கொடுத்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அது இதனால்தான். அவசரப்பட்டுப் பிடுங்கினால் கல்யாண வீடியோவில் பாதிதான் ஊருக்குப் போய்ச் சேரும்.

ராம் பெருகப் பெருகச் சதவீதம் என்ற அளவே பொருந்தாமல் போகிறது. அதனால் பைட் கணக்கில் வைக்க இன்னொரு ஜோடித் திருகு இருக்கிறது: 'விஎம்.டர்ட்டி_பேக்ரவுண்ட்_பைட்ஸ்', 'விஎம்.டர்ட்டி_பைட்ஸ்'. இதை வைத்தால் அதற்கு இணையான ரேஷியோ தானாகப் பூஜ்யமாகிவிடும், இரண்டும் ஒன்றாக நடக்காது. மெதுவான டிஸ்க் உள்ள மெஷின்களில் முதலாவதற்கு 64 எம்பி, இரண்டாவதற்கு 256 எம்பி வைப்பது என் வழக்கம். பைட்டில் எழுதினால் 67108864, 268435456. பெரிய ஃபைல்களைக் காப்பி செய்வது சற்று மெதுவாகத் தெரியும். அந்த விலை கொடுத்து, மெஷின் திடீர் திடீரென்று உறையாமல் இருப்பதை வாங்குகிறோம்.

மட்டத்தைத் தவிர நேரமும் உண்டு. மட்டம் தொடாவிட்டாலும் 30 நொடிக்கு மேல் பழசான டர்ட்டி பேஜ் டிஸ்குக்குப் போகும். 'விஎம்.டர்ட்டி_எக்ஸ்பயர்_சென்டிசெக்ஸ்' என்ற திருகில் நொடியில் நூறில் ஒரு பங்காக 3000 என்று எழுதியிருக்கும். பழசானது இருக்கிறதா என்று பார்க்கும் கெர்னலின் கை 5 நொடிக்கு ஒருமுறை விழித்தெழும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால், எழுதியது டிஸ்கைத் தொட அரை நிமிடத்துக்கும் மேலாகலாம். அந்த அம்மாவின் மூன்று மூட்டைகள் அந்த இடைவெளியில்தான் விழுந்தன.

இதற்குச் சரியான மருந்து கெர்னலில் இல்லை, புரோகிராமில் இருக்கிறது. 'எஃப்சிங்க்' என்றோர் அழைப்பு உண்டு. "இந்த ஃபைல் டிஸ்கைத் தொட்டதென்று உறுதியாகும் வரை எனக்குப் பதில் சொல்லாதே" என்று புரோகிராம் கெர்னலிடம் கேட்பது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸ்கள் வழக்கமான அமைப்பில் இதைச் செய்துதான் 'சேமித்தேன்' என்கின்றன. எஸ்டேட் புரோகிராம் வெறும் டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிவிட்டு எதையும் கேட்காமல் 'சேமிக்கப்பட்டது' என்று காட்டியது. அதை எழுதியவரிடம் சொல்லி ஒரு வரி சேர்க்க வைத்தோம். யூபிஎஸ்ஸுக்குப் புதுப் பேட்டரி போட்டோம். அதற்குப் பிறகுதான் எக்ஸ்பயர் நேரத்தை 1000-க்கு, அதாவது 10 நொடிக்குக் குறைத்தேன். வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும். திருகை மட்டும் மாற்றிவிட்டு வந்திருந்தால் மூன்று மூட்டைக்குப் பதில் ஒரு மூட்டை போயிருக்கும், போவது நின்றிருக்காது.

ஃபைல்கள்

ஃபைல் விஷயத்தில் திருகு எது என்பதைவிட, எந்தக் கதவு சாத்தியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

ஒரு புரோகிராம் ஃபைலைத் திறக்கும்போதும், நெட்வொர்க் இணைப்பைத் திறக்கும்போதும், கெர்னல் அதற்கு ஒரு டோக்கன் எண் தருகிறது. இதற்கு இரண்டு வரம்புகள். மெஷின் முழுவதற்கும் சேர்த்து 'எஃப்எஸ்.ஃபைல்-மேக்ஸ்'. ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனியாக ஒரு வரம்பு, அது வழக்கமாக 1024. வெப் சர்வர் ஒன்று 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' என்று கத்தியதும் பலர் ஓடிப்போய் முதலாவதைக் கூட்டுகிறார்கள். அந்தச் செய்தி வருவது இரண்டாவது வரம்பு இடித்ததால். மெஷின் வரம்பு இடித்திருந்தால் செய்தியின் முடிவில் 'இன் சிஸ்டம்' என்று இரண்டு சொற்கள் கூடுதலாக இருக்கும். அந்த இரண்டு சொற்களைக் கவனிக்காமல் ஒரு நாளையே இழந்தவர்கள் உண்டு. மெஷினில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் 'சிஸ்டம்டி' புதியதாக உள்ள மெஷின்களில் ஃபைல்-மேக்ஸ் ஏற்கனவே வானளவு வைக்கப்பட்டிருக்கும், தொட வேண்டிய தேவையே இல்லை. அந்த சர்வரின் சர்வீஸ் ஃபைலில் 'லிமிட்நோஃபைல்' என்ற வரியைச் சேர்ப்பதுதான் வழி. 1024 என்ற சின்ன எண் இன்றும் இருப்பதற்குக் காரணம், 'செலக்ட்' என்ற பழைய அழைப்பு அதற்கு மேற்பட்ட டோக்கன் எண்களைக் கையாளாது. அதை நம்பி எழுதிய பழைய புரோகிராம்கள் உடையக் கூடாதல்லவா.

சேலத்தில் பொறியியல் படிக்கும் மாணவி ஒருவர் இன்னொரு கதவில் முட்டி நின்றார். அவர் எடிட்டரில் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று வந்தது. டிஸ்கில் பாதிக்கு மேல் காலி. உண்மையில் தீர்ந்தது டிஸ்க் இடமல்ல. எந்த ஃபைல் மாறுகிறது என்று கண்காணிக்க எடிட்டர் வாங்கிக்கொள்ளும் கண்காணிப்பு எண்ணிக்கை தீர்ந்திருந்தது. இரண்டுக்கும் ஒரே பிழைக் குறியீட்டைக் கெர்னல் பயன்படுத்துவதால் வந்த குழப்பம். 'எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_வாட்சஸ்' பழைய கெர்னல்களில் 8192. 5.11 முதல் ராமின் அளவைப் பார்த்துக் கெர்னலே உயர்த்திக்கொள்கிறது. அவருடைய பழைய லேப்டாப்பில் 524288 வைத்ததும் சரியானது.

நிலைத்து நிற்பது

கல்யாண வீட்டில் ஆயிரம் பேரைக் கூப்பிடுவோம், பந்தியில் இருநூறு இலைதான். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார மாட்டார்கள் என்பது அனுபவம். கெர்னலும் புரோகிராம்கள் கேட்கும் மெமரியை இருப்பதைவிட அதிகமாகவே 'தருகிறேன்' என்று ஒப்புக்கொள்ளும். கேட்டதையெல்லாம் யாரும் முழுதாகப் பயன்படுத்துவதில்லை. 'விஎம்.ஓவர்கமிட்_மெமரி' 0 என்றால் அநியாயமாகக் கேட்பவரை மட்டும் மறுக்கும், 1 என்றால் யாரையும் மறுக்காது, 2 என்றால் கண்டிப்பான கணக்கு. கண்டிப்பு நல்லதுதானே என்று 2 வைத்தால், பெரிதாகக் கேட்டுச் சிறிதாகப் பயன்படுத்தும் ஜாவா, பிரவுசர் போன்றவை திறக்கவே மறுக்கலாம். ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் ஓட்டுபவர்களுக்கு 1 வைக்கச் சொல்லி அதன் ஆவணமே பரிந்துரைக்கிறது. மற்றவர்கள் 0-விலேயே விடுங்கள்.

எல்லோரும் ஒரே பந்தியில் வந்து உட்கார்ந்துவிட்டால்? அப்போது 'ஊம் கில்லர்' எழுந்து வரும். மெமரி அறவே தீர்ந்த நிலையில் ஒரு புரோகிராமைக் கொன்று மற்றவற்றைக் காப்பாற்றும் கெர்னல் பகுதி அது. பெரும்பாலும் அதிக மெமரி வைத்திருப்பது எதுவோ அதைத்தான் தேர்ந்தெடுக்கும். பல கடைகளில் அது டேட்டாபேஸ்தான், எதைக் கொல்லவே கூடாதோ அதுவே. ஒவ்வொரு புரோகிராமுக்கும் 'ஊம்_ஸ்கோர்_அட்ஜ்' என்று -1000 முதல் 1000 வரை ஓர் எண் வைக்கலாம். -1000 என்றால் தொடாதே. டேட்டாபேஸுக்கு -900 அளவில் வைப்பேன். எல்லாவற்றுக்கும் வைத்தால் யாருக்கும் வைக்காததற்குச் சமம்.

கடைசியாக 'கெர்னல்.பேனிக்'. கெர்னலே இனி முடியாது என்று கை விரித்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி. பொதுவாக இதன் மதிப்பு 0, அதாவது அப்படியே நின்றுவிடு. எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும் மெஷினுக்கு அது நல்லது, திரையில் உள்ள செய்தியைப் படிக்கலாம். ஏற்காட்டு மெஷின் ஒரு சனிக்கிழமை இரவு அப்படி நின்றது. திங்கட்கிழமை காலை இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறிப் போய் நான் செய்த வேலை, பவர் பட்டனை அழுத்தியதுதான். அன்றைக்கே 10 என்று வைத்தேன். இப்போது பேனிக் ஆனால் பத்து நொடியில் தானாக ரீஸ்டார்ட் ஆகும். ஆனால் ரீஸ்டார்ட் நோயைக் குணமாக்காது, மறைத்துவிடும். பிறகு மெமரி சோதனை ஓடவிட்டதில் ஒரு ராம் துண்டு பழுது என்று தெரிந்தது, மாற்றினோம்.

இதே போல் லாகில் (கெர்னல் நடப்பதைப் பதிந்து வைக்கும் குறிப்பில்) 'இன்ன டாஸ்க் 120 நொடிக்கு மேல் நின்றுகிடக்கிறது' என்ற செய்தி வந்தால், அந்த எச்சரிக்கையை அணைக்கும் திருகைத் தேடாதீர்கள். பெரும்பாலும் டிஸ்க் மெதுவாகிவிட்டது அல்லது சாகப் போகிறது. மதகுக் கணக்கைப் பாருங்கள், டிஸ்கின் ஆரோக்கியத்தைப் பாருங்கள்.

மாற்றுவது எப்படி

'சிஸ்சிடிஎல்' கட்டளையில் நேரடியாக மாற்றுவது ரீஸ்டார்ட் வரைதான் நிற்கும். கற்றுக்கொள்பவருக்கு இது வரம். தவறாக வைத்துவிட்டாலும் ஆஃப் செய்து போட்டால் பழையபடி ஆகிவிடும். ஒரு திருகை மாற்றுங்கள், ஒரு வாரம் விடுங்கள், மாற்றும் முன் பார்த்த அதே எண்களை மறுபடி பாருங்கள். 'ப்ராக்' டைரக்டரிக்குள் 'மெமின்ஃபோ' ஃபைலில் 'டர்ட்டி' என்ற வரி எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று சொல்லும். 'பிரஷர்' டைரக்டரியில் உள்ள 'மெமரி' ஃபைல், மெமரிக்காகப் புரோகிராம்கள் எவ்வளவு நேரம் காத்துக்கிடந்தன என்று சதவீதத்தில் சொல்லும். கெர்னல் 4.20 முதல் இது இருக்கிறது, பலருக்குத் தெரியாது.

நல்லது என்று தெரிந்த பிறகு, 'இடிசி' டைரக்டரிக்குள் 'சிஸ்சிடிஎல்.டி' என்ற டைரக்டரியில் 99 என்று தொடங்கும் ஒரு சொந்த ஃபைலில் எழுதி வையுங்கள். பெயர் வரிசைப்படிப் படிக்கப்படுவதால் 99 கடைசியில் வந்து மற்றவற்றை மிஞ்சும். எங்கேயோ கிடைத்த நாற்பது வரியை அப்படியே ஒட்டாதீர்கள். அந்த நாற்பதும் வேறு யாருடைய மெஷினுக்கோ, வேறு எந்தக் கெர்னலுக்கோ எழுதியவை.

ஏற்காட்டு மெஷினின் ஃபைலில் நான்கே வரிகள்: டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ் 67108864, டர்ட்டி பைட்ஸ் 268435456, எக்ஸ்பயர் 1000, பேனிக் 10. ஒவ்வொன்றுக்கும் மேலே ஹேஷ் குறி போட்டுத் தேதி, பழைய எண், மாற்றிய காரணம் எழுதியிருக்கிறேன். எக்ஸ்பயர் வரிக்கு மேலே 'மூன்று மூட்டை' என்று இருக்கும். செவ்வாய்ப்பேட்டை மெஷினில் அப்படியொரு ஃபைலே கிடையாது.